யாருக்கு 'வந்தாங்க', யாருக்கு 'வந்துச்சு'?

கடலூர் புதுப்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கம் பழைய துவைக்கிற கல் ஒன்று கிடக்கிறது. காலை ஏழு மணிக்குப் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மா, தன் பையை அந்தக் கல்மேல் வைத்துவிட்டுத்தான் குழாயைத் திறப்பார். வயது அறுபதை நெருங்கும். ஒரு நாள் என் மகள், அப்போது மூன்றரை வயது, அடுப்படி வாசலில் நின்றபடி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "இங்க வா. என் டம்ளரையும் கழுவு." அதட்டவில்லை, முறைக்கவில்லை. ஆனால் அந்த 'இங்க வா'வில் இருந்த இழுப்பு அப்படியே என் மாமியாருடையது. அந்த அம்மா சிரித்துக்கொண்டே "தோ வரேன் பாப்பா" என்று எழுந்து வந்து டம்ளரை வாங்கிப் போனார்.

நான் தோசைத் திருப்பியோடு நின்றிருந்தேன். "பெரியவங்களப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது" என்று கண்டித்தேன். "அப்போ என்னன்னு கூப்பிடணும்?" என்றாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஆறு வருடமாக எங்கள் எச்சில் பாத்திரத்தைக் கழுவுகிறவருக்கு எங்கள் வீட்டில் ஒரு முறைப்பெயர் இல்லை என்பதே அப்போதுதான் உறைத்தது.

நம் மொழியில் இதற்கு ஏற்பாடு இல்லாமல் இல்லை. "முறை வச்சுக் கூப்பிடு" என்பார்கள். முறை என்ற ஒரே சொல் ஒழுங்குக்கும் நியாயத்துக்கும் உறவுக்கும் சேர்த்து வருவதைக் கவனியுங்கள். தொல்காப்பியர் விளியை, அதாவது கூப்பிடுகிற சொல்லைப் பற்றிப் பேசுகிற இடத்திலேயே முறைப்பெயர்களைத் தனியாக எடுத்துப் பேசுகிறார். கணக்கும் தெளிவானது. அப்பாவோடு பிறந்த ஆண்கள் எல்லாரும் அப்பா வரிசை: பெரியப்பா, சித்தப்பா. அம்மாவோடு பிறந்த பெண்கள் எல்லாரும் அம்மா வரிசை: பெரியம்மா, சித்தி. குறுக்கே போனால் மாமா, அத்தை. அமெரிக்க ஆய்வாளர் லூயிஸ் ஹென்றி மார்கன் 1871-இல் உலகத்து உறவுமுறைகளைத் தொகுத்தபோது, இந்தத் தமிழ்க் கணக்கும் அமெரிக்கப் பழங்குடியினரான செனகா மக்களின் கணக்கும் ஒத்துப்போவதைப் பார்த்து வியந்துபோனார். அதிலிருந்து அவர் இழுத்த முடிவுகள் பிறகு நிற்கவில்லை என்றாலும் கண்ட ஒற்றுமை நின்றது.

இதே கணக்கைத்தான் தெருவுக்கும் நீட்டுகிறோம். அம்மா 'அக்கா' என்று கூப்பிடுகிற பக்கத்து வீட்டுக்காரர் குழந்தைக்குப் பெரியம்மா. அம்மா 'அண்ணா' என்பவர் குழந்தைக்கு மாமா. அப்பாவின் கூட்டாளி சித்தப்பா. கணக்குப் போட்டுச் சொல்லித்தர வீட்டில் ஒரு பெரியவர் இருந்தவரை இது ஓடியது. இப்போது அம்மா 'அக்கா' என்றால் பிள்ளையும் 'அக்கா' என்கிறது. மளிகைக்கடைக்காரர் அப்பாவுக்கும் அண்ணா, மகனுக்கும் அண்ணா. குறை சொல்ல ஒன்றும் இல்லை. குழந்தைக்குக் காதில் விழுவதுதான் சொல். கூட்டுக் குடும்பத்தில் பிறந்து, சித்தப்பாக்கள் கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டுப் பெற்ற தாயையே 'அண்ணி' என்று கூப்பிட்டு வளர்ந்தவர்கள் இன்றும் ஐம்பது, அறுபது வயதில் இருக்கிறார்கள். யாரும் அவர்களுக்கு அதைச் சொல்லித்தரவில்லை.

இதைத் தெரிந்து வைத்திருந்ததால்தானோ என்னவோ, நம் வீட்டுப் பெரியவர்கள் ஒரு காரியம் செய்வார்கள். குழந்தை பக்கத்தில் இருந்தால் குழந்தையின் இடத்தில் நின்று பேசுவார்கள். என் அம்மா தன் நாத்தனாரை அண்ணி என்றுதான் கூப்பிடுவார். நான் மடியில் இருந்தபோதெல்லாம் "அத்தை வந்திருக்காங்க பாரு" என்பாராம். என் மாமியார் பேத்தி பிறந்த நாளிலிருந்து தன் கணவரை 'தாத்தா' என்கிறார். கணவர் பெயரைச் சொல்லாத பெண்களுக்குப் பிள்ளை பிறந்தால் 'செல்வி அப்பா' என்று கூப்பிட ஒரு வழி கிடைத்தது. ஆக, குழந்தை பெரியவர்களை என்னவென்று கூப்பிட வேண்டும் என்று யோசிக்கிறவர்கள், குழந்தைக்கு முன்னால் பெரியவர்கள் ஒருவரை ஒருவர் என்ன சொல்கிறோம் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. நான் மகளைக் கண்டித்தது தவறான இடம். அவள் பாட்டி சொன்னதைச் சொன்னாள்.

ஆன்ட்டி, அங்கிள் என்ற சொற்களைத் தமிழ்ப் பற்றாளர்கள் திட்டுவதைக் கேட்கிறேன். எனக்கும் அந்தச் சொற்கள் நாக்கில் ஒட்டுவதில்லை. ஆனாலும் அவை ஏன் இவ்வளவு சீக்கிரம் பரவின என்று பார்க்காமல் திட்டுவது சரியில்லை. எங்கள் மாவட்டத்து நெய்வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். 1956-இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கி, எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து குவார்ட்டர்ஸில் குடியேறினார்கள். இந்தப் பக்கம் தெலுங்குக் குடும்பம், அந்தப் பக்கம் மலையாளக் குடும்பம், எதிரே திருநெல்வேலிக்காரர்கள். யாருக்கு யார் என்ன முறை என்று எந்தக் கணக்கில் போடுவது? அங்கே ஆன்ட்டி உதவியது.

இன்னொரு காரணமும் உண்டு, அதை வெளிப்படையாகப் பேசத் தயங்குவார்கள். 'மாமா' என்பது வெறும் மரியாதைச் சொல் இல்லை. மாமன் மகளைக் கட்டுகிற சமூகத்தில் மாமா என்றால் மாமனாரும்தான், அத்தை என்றால் மாமியாரும்தான். கிராமத்தில் வேறு சாதிக்காரரைக் குழந்தை மாமா என்றால் பெரியவர்கள் முகம் மாறும். சம்பந்தம் பேசுகிற முறை அது. அதனால் பிற சாதியாரோடு பழகும் வீடுகளில் எட்டி நிற்கிற 'அண்ணன்' போதும் என்று சொல்லித்தந்தார்கள். நாம் பெருமையாகப் பேசுகிற உறவுச்சொற்களுக்கே வேலி போட்டிருந்தது. ஆன்ட்டி அந்த வேலியைத் தாண்டிக் குதித்தது.

தாண்டியது, ஆனால் இன்னொரு வேலிக்குள்தான் போய் இறங்கியது. தெரு பெருக்க வருகிறவரை ஆன்ட்டி என்று கூப்பிடச் சொல்லித்தரும் தாயை நான் இதுவரை பார்க்கவில்லை. டாக்டர் ஆன்ட்டி, பேங்க் ஆன்ட்டி, மாடிவீட்டு ஆன்ட்டி உண்டு. குப்பை எடுக்க வருகிறவர் 'குப்பைக்காரி'. சற்றே நாகரிகமான வீடுகளில் 'குப்பைக்காரம்மா'. தேவனாம்பட்டினத்திலிருந்து கூடை சுமந்து வருகிறவர் மீன்காரம்மா. பூ கொண்டு வருகிறவர் பூக்காரம்மா. 'காரி'க்கும் 'காரம்மா'வுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைக் குழந்தை மூன்று வயதில் அளந்துவிடுகிறது.

அதைவிட நுட்பமாக அளப்பது வினைமுற்றை. விளிச்சொல்லையாவது நாம் கவனித்துத் திருத்துகிறோம். வினைமுற்று கண்ணில் படுவதே இல்லை. எங்கள் வீட்டில் ஒரு நாள் முழுக்கக் காது கொடுத்துக் கேட்டேன். டாக்டர் 'வந்தாங்க'. மேஸ்திரி 'வந்தாரு'. பாத்திரம் தேய்க்கும் அம்மா 'வந்துச்சு'. என் மாமியாருக்கு அவர்மேல் கோபம் வந்தால் 'வந்தா'. ஒரே அடுப்படிக்குள் நாலு படிக்கட்டு.

பழைய இலக்கணக்காரர்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல் என்றும் இலக்கண நெறி அது இல்லை என்றும் தொல்காப்பியம் சொல்கிறது. 'நீங்க', 'வாங்க' என்பதன் மூதாதை அங்கே இருக்கிறது. நன்னூல் இன்னொரு வாசலைத் திறக்கிறது. உவப்பினாலும் உயர்வினாலும் சிறப்பினாலும் கோபத்தினாலும் இழிப்பினாலும் பாலும் திணையும் மாறி வரலாம், அது இயல்பு என்கிறார் பவணந்தி முனிவர். பெண் பிள்ளையை 'வாடா ராஜா' என்று கொஞ்சுவது உவப்பு. 'ஆயா வந்துச்சு' என்று என் பாட்டியை நான் சொன்னதும் உவப்பு. எங்கள் பக்கத்தில் அக்காவும் 'சொல்லுச்சு'தான், அம்மாவும் 'சிரிச்சுச்சு'தான். வேலைக்கு வரும் அம்மாவை 'வந்துச்சு' என்பது? அதே சொல், அதே அஃறிணை முடிவு. ஆனால் உவப்பிலிருந்து இழிப்புக்கு இடம் மாறியிருக்கிறது. வெளியூர்க்காரர்கள் கடலூர்த் தமிழில் மரியாதை குறைவு என்று சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். எங்கள் 'வந்துச்சு'வில் பாசம் இருக்கிறது. ஆனால் எல்லா 'வந்துச்சு'விலும் இருக்கிறது என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை.

நான் வேலைக்குப் புதுச்சேரி போய்வருகிறவள். முள்ளோடை எல்லையைத் தாண்டிச் சிறிது தூரத்தில், இந்தக் கேள்விக்கு உலகத்தில் என்னென்ன விடைகள் உண்டோ அவற்றில் பலவற்றை ஒரே ஊரில் பார்க்கலாம். பிரெஞ்சு ஆட்சி கைமாறியது 1954 நவம்பர் 1-இல். ஆனால் 1826-இல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளி இன்றும் நடக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைக்கு நம் 'நீ', 'நீங்க' போலவே 'தூ', 'வூ' என்று இரண்டு உண்டு. ஐரோப்பிய மொழிகளில் இந்த இரட்டைச் சொற்களை ஆராய்ந்த ரோஜர் பிரவுனும் ஆல்பர்ட் கில்மனும் 1960-இல் ஒரு விளக்கம் தந்தார்கள்: முன்பு யார் மேலே, யார் கீழே என்பது சொல்லைத் தீர்மானித்தது, இப்போது யார் நெருக்கம், யார் தூரம் என்பதே மிகுதியாகத் தீர்மானிக்கிறது. நம் வீடுகளில் அம்மாவுக்கு 'நீ', அப்பாவுக்கு 'நீங்க' என்று வந்ததைப் பார்த்தால் இரண்டும் ஒரே கூரைக்குள் ஓடியது புரியும். அம்மா நெருக்கம், அப்பா மேலே.

அதே ஊரில் அரவிந்தர் ஆசிரமத்தில் மூத்தவர்களின் பெயரோடு அண்ணன், அக்கா என்று பொருள்படும் வங்காளத்துத் 'தா'வையும் 'தி'யையும் சேர்த்துக் கூப்பிடும் பழக்கம் உண்டு. பெயரும் போகாது, உறவும் வரும். அந்த ஊரை ஒட்டி 1968-இல் தொடங்கிய ஆரோவில்லில் பிள்ளைகள் ஆசிரியரையும் பெயர் சொல்லியே கூப்பிடுகிறார்கள். முதலில் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு யோசித்தால் எல்லாருக்கும் ஒரே விதி என்பதில் ஒரு நேர்மை இருக்கிறது. ஆனால் நான் போய்வந்த சில வீடுகளில், சமையலுக்கும் சுத்தம் செய்யவும் வரும் உள்ளூர்ப் பெண்ணுக்கு மட்டும் பெயர் இல்லை. அவர் 'அம்மா'. "எங்க அம்மா இன்னைக்கு லீவு" என்றால் வேலைக்காரர் வரவில்லை என்று பொருள். நம் மொழியின் ஆகப் பெரிய சொல் ஒரு வேலைப் பெயராகச் சுருங்கிப் போயிருந்தது. அன்று பஸ்ஸில் திரும்பும்போதும் அதே நினைவாக இருந்தது.

அதை மட்டும் சொல்லி நம்மை விட்டுவிட முடியாது. நிலக்காரர் வீட்டுப் பொடியன், சேரியிலிருந்து வேலைக்கு வருகிற அறுபது வயதுக்காரரைப் பெயரோடு 'டா' சேர்த்துக் கூப்பிட்டதும், அவர் அந்தப் பொடியனைச் 'சின்னையா' என்றதும் இந்தப் பழைய தென்னாற்காடு மாவட்டத்து ஊர்களில் இரண்டு தலைமுறைக்கு முன் அன்றாடம் நடந்தது. எல்லா ஊரிலும் அது முடிந்துபோய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. தமிழ்நாட்டில் பெயரின் வால் பெரும்பாலும் உதிர்ந்தது. விளியில் இருக்கிற சாதி அப்படி எழுத்தில் தெரிவதில்லை. அது நாக்கில் இருக்கிறது, பிள்ளைகள் நாக்கிலிருந்துதான் கற்கிறார்கள்.

இந்த மண்ணிலேயே இதற்கு நேரெதிரான கதை ஒன்று இருக்கிறது. பண்ருட்டிப் பக்கம் திருவாமூரில் பிறந்தவர் மருணீக்கியார். சமணத்தில் இருந்தபோது தருமசேனர். திருவதிகையில் அவருக்கு இறைவன் தந்த பெயர் நாவுக்கரசர் என்பார்கள். கல்லைப் பூட்டிக் கடலில் தள்ளியபோது மிதந்து வந்து கரையேறிய இடம் என்று எங்கள் ஊரில் கரையேறவிட்டகுப்பத்தைக் காட்டுவோம். அங்கிருந்து திருப்பாதிரிப்புலியூர்க் கோயிலுக்கு வந்து 'ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய் உடன்தோன்றினராய்' என்று இறைவனுக்கே முறை வைத்துப் பாடினார். இவரைச் சீர்காழியில் சம்பந்தர் சந்திக்கிறார். இவர் வயதில் மூத்த வேளாளர்; அவர் அந்தணச் சிறுவர். மூத்தவர் காலில் விழ, சிறுவர் கைகளைப் பற்றி எடுத்து 'அப்பரே' என்கிறார். இவர் 'அடியேன்' என்கிறார். சேக்கிழார் சொல்லும் இந்தக் காட்சியில் என்னை நிறுத்துவது ஒன்றுதான். பெற்றோர் வைத்த பெயர், மடம் கொடுத்த பெயர், இறைவன் கொடுத்த பெயர் என்று இத்தனை இருந்தும், ஊர் மக்கள் வாயில் நிலைத்தது ஒரு சிறுவன் கூப்பிட்ட பெயர். அந்தச் சிறுவன் சாதிக் கணக்கைப் பார்த்து 'அண்ணன் போதும்' என்று நிறுத்தவில்லை.

உறவுச்சொல்லில் ஓர் ஆபத்தும் இருப்பதை மறைக்கக் கூடாது. மாமா என்று கூப்பிட வைத்ததும் "மாமாவுக்கு முத்தம் குடு", "மாமா மடியில உக்காரு" என்று அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவிடுகிறோம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-இல் வந்தது. அதன் கீழ் பதிவாகும் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்படுகிறவர் குழந்தைக்குத் தெரிந்தவர்தான். முறை சொல்லிக் கூப்பிடுவது மரியாதை. தொட விடுவது மரியாதை இல்லை. என் மகளுக்கு இதைப் பிரித்தே சொல்லியிருக்கிறேன்: "மாமான்னு கூப்பிடு. வேணாம்னா வேணாம்னு சொல்லு." சொன்னதற்காக அவளை யாரும் திட்டினால் நான் அவள் பக்கம். குழந்தைகள் உதவிக்கான 1098 என்ற தொலைபேசி எண்ணையும் பாட்டுப்போல மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன்.

பள்ளிச் சொற்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சார், மிஸ், டீச்சர், ஐயா, அம்மா எல்லாம் ஓடுகின்றன. 2023 ஜனவரியில் கேரளத்துக் குழந்தைகள் உரிமை ஆணையம் ஆணோ பெண்ணோ 'டீச்சர்' என்றே கூப்பிடச் சொன்னது. எனக்கு அது பிடித்திருந்தது. என்னைத் தடுத்து நிறுத்தியது வேறு சொல். எங்கள் தெரு அங்கன்வாடியில் பிள்ளைகள் பாடம் சொல்கிறவரை டீச்சர் என்கிறார்கள். சமைத்துப் போட்டுக் கை கழுவிவிடுகிறவரை ஆயா என்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி. என்னை வளர்த்தவர் ஆயா. ஆகவே மகள் கேட்ட கேள்விக்கு இரண்டு நாள் யோசித்து நான் கண்டுபிடித்த விடை அதுதான். "இனிமே ஆயான்னு கூப்பிடு" என்றேன். மண்ணின் சொல், பாசமான சொல் என்று எனக்குள் திருப்திகூட.

மகள் கூப்பிட்டாள். ஒரு வாரம் போனது. துவைக்கிற கல்லிலிருந்து பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அந்த அம்மா தயங்கி நின்றார். "தப்பா நினைச்சுக்காதம்மா. ஆயான்னு வேணாம்னு பாப்பாகிட்ட சொல்றியா? பேரே சொல்லிக்கட்டும்."

"ஏன், எங்க பாட்டியையே நான் ஆயான்னுதான கூப்பிட்டேன்?"

"அது அப்போ. இப்போ ஆஸ்பத்திரில, ஸ்கூல்ல கூட்டிப் பெருக்கறவங்களத்தான ஆயாங்கறாங்க. உங்க வீட்லயே பெரியம்மாவ அது பாட்டின்னுதான கூப்பிடுது?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. அவர் சொன்னது அவ்வளவும் உண்மை. குழந்தையைப் பேண வரும் பணிப்பெண்ணைக் குறித்த 'ஆயா' போர்த்துக்கீசியத்திலிருந்து வந்த வேறு சொல். வெள்ளைக்காரர் வீடுகள் வழியாக நம்மிடம் வந்தது. நம் பாட்டியைக் குறித்த 'ஆயா' இந்த மண்ணின் சொல். இரண்டும் ஒலியில் ஒன்றாகிப்போக, டவுனில் வசதி வந்த வீடுகள் தங்கள் கிழவிகளைப் பாட்டி ஆக்கிக்கொண்டு ஆயாவை வேலைக்காரர்களுக்கு விட்டுவிட்டன. என் வீடும் அவற்றில் ஒன்று. நான் பாசம் என்று நினைத்துக் கொடுத்தது அவர் காதில் வேலைப் பெயராக விழுந்திருக்கிறது. முதலில் அவரிடம் கேட்டிருக்க வேண்டும். ஒருவரைக் குழந்தை என்னவென்று கூப்பிடுவது என்று வீட்டுக்குள் எவ்வளவோ யோசித்தேன். அழைக்கப்படுகிறவருக்கு அதில் ஒரு சொல் உண்டு என்று தோன்றவே இல்லை.

"அப்போ பாட்டின்னு கூப்பிடட்டுமா?" என்றேன். பதில் சொல்லவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "அது இஷ்டம்" என்று போய்விட்டார். ஆனால் அடுத்த நாள் பையில் மகளுக்கு ஒரு கொய்யாப்பழம் இருந்தது.

மாமியாருக்கு இது எளிதாக இல்லை. "நானும் பாட்டி, அவளும் பாட்டியா?" என்று ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. எழுபது வருடம் அவர் காதில் விழுந்த தமிழ் அது. வழியைக் கண்டுபிடித்தது மகள்தான். எங்கள் வீட்டில் ஏற்கெனவே பண்ருட்டிப் பாட்டி, நெய்வேலிப் பாட்டி என்று ஊர் சேர்த்துச் சொல்லும் பாட்டிகள் இருக்கிறார்கள். பாத்திரம் தேய்க்க வருகிறவர் வண்டிப்பாளையத்திலிருந்து வருகிறவர். அவள் பாட்டுக்கு 'வண்டிப்பாளையம் பாட்டி' என்று ஆரம்பித்துவிட்டாள்.

போன வாரம் காலையில் கொல்லைக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. "வண்டிப்பாளையம் பாட்டி வந்துடுச்சு!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். 'வந்துட்டாங்கன்னு சொல்லு' என்று திருத்த வாய் எடுத்தேன். அதே நாள் சாயங்காலம் கோயிலுக்குப் போயிருந்த மாமியார் ஆட்டோவில் வந்து இறங்கினார். "பாட்டி வந்துடுச்சு!" என்று அதே குரலில், அதே ஓட்டமாக வாசலுக்கு ஓடினாள். நான் இரண்டையும் திருத்தவில்லை.